ஜெபச் சீட்டில் எழுதிய பெயர்

சுனாபட்டி, மும்பை
நவம்பர் 22, சனிக்கிழமை

அன்புள்ள ஆனிக்கு,

மம்மி எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம் என்றுதான் நம் வீட்டுக் கடிதங்கள் தொடங்கும், கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு நான் எழுதிய ஒரே ஒரு கடிதம்கூட அப்படித்தான் தொடங்கியது. இன்று அந்த வரியை எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. அப்பா சுகம், அதில் சந்தேகமில்லை, முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு செம்பூருக்கு ஷிப்டுக்குப் போய் வருகிறார். நான் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. நீ சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கேள்வியை இந்த மாதம் உன்னிடம் எத்தனை பேர் கேட்டார்களோ, அவர்களை எல்லாம் உன் மேல் ஏவிவிட்டவள் நான்தானே.

நீ என்னோடு பேசிப் பதினேழு நாள் ஆகிறது. அப்பாவுக்கு மட்டும் தினமும் ஒரு ஓகே அனுப்புகிறாய், அவர் போனை நீட்டிக் காட்டுகிறார், நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், ஆனால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய், என் அழுகை கார்ட்டூனில் எலி பேசுகிற மாதிரி கேட்கும். அதனால்தான் காகிதம். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும், ஞாயிறு பள்ளியில் கிடைத்த தமிழ் உனக்கு அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரம் எனக்கு வேண்டும். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது, என்ன எழுதுவதென்று தெரியாமல் நாளைக் கடத்தினேன், இப்போதும் தெரிந்து எழுதவில்லை. டாக்டர் இன்று மத்தியானம் வரமாட்டாராம், கிளினிக்கில் நானும் ருக்சானாவும் மட்டும்தான், அவள், வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எழுது என்று என்னை உள் அறைக்கு அனுப்பிவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நீ பாதிதான் அறிவாய். அக்டோபர் கடைசியில் நீ போன் செய்து ஹாஸ்டலை விட்டுத் தனி அறைக்குப் போய்விட்டேன், கிறிஸ்துமசுக்கு வரவில்லை என்றாய். நீ மேல்படிப்புக்குப் போயிருக்கிற பாலம்பூரில், அந்த இமயமலைக் குளிரில் லீவுக்கு யார் இருப்பார்கள், எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்களே என்றேன். அதுக்குத்தான் மம்மி இருக்கப் போறேன், இங்க கதவச் சாத்தினா சத்தம் நின்னுடுது, நான் நடிக்க வேண்டியதில்ல என்றாய். அந்த ஒரு வார்த்தை என் காதிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஏழு பேருக்கு நடுவில், பலகை போட்டு ஏணி வைத்த மாளாவில் ஏறிப் படித்துப் படித்து முதல் மார்க் வாங்கினாயே, அங்கே நடித்தாயா? கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் கிதார்காரப் பையன்களைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டு தொண்ணூறு அடி ரோடு முழுக்க நடந்தவள் யார்? கேட்டேன். அதுவும் நான்தான் மம்மி, ஆனா டயர்டான நான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ சிரித்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதன்பின் ராத்திரியில் உன் வாட்ஸ்அப்பைத் திறந்து திறந்து பார்ப்பேன், கடைசியாகப் பார்த்தது மூன்று மணி, மூன்றரை மணி என்று காட்டும். தூங்குவதில்லை, பேச ஆள் இல்லை, வீட்டுக்கும் வரமாட்டேன் என்கிறாள், இதற்கு என்ன பெயர் என்று செல்லில் தேடினால் அது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லும், கூடவே ஒரு ஆஸ்பத்திரி விளம்பரத்தையும் காட்டும். அப்பாவிடம் சொன்னால் அவர் உனக்கு டிசம்பர் இருபதாம் தேதிக்குப் பட்டான்கோட்டிலிருந்து டிக்கெட் எடுத்தார், அவருக்குத் தெரிந்த மருந்து அது.

எனக்குத் தெரிந்தது ஜெபப் பெட்டி. கோவில் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே பூட்டுப் போட்டுத் தொங்குகிறதே அதுதான். சின்ன வயதில் எஸ்.எஸ்.சி. ரிசல்டுக்கு நான் போட்டிருக்கிறேன், நீ வயிற்றில் இருந்தபோது போட்டிருக்கிறேன், அப்பாவுக்கு வேலை போனபோது போட்டேன். சீட்டில் எழுதி நாலாக மடித்துப் போட்டால் அது, பெட்டியைத் திறக்கிற லூசியம்மாள் அக்காவுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும் என்பதுதான் என் நினைப்பு. அந்தச் சீட்டு இப்போது அச்சடித்த பாரமாக மாறிவிட்டது, பெயர், ஊர், விண்ணப்பம், ஜெபிக்கப்பட வேண்டியவரின் கைபேசி எண் என்று கோடு போட்டிருக்கிறது. பி.காம். படித்தவள், கிளினிக்கில் நாள் பூராவும் பாரம் நிரப்புகிறவள், கோட்டைப் பார்த்தால் என் கை தானாக நிரப்பிவிடும். உன் நம்பரை எழுதினேன். விண்ணப்பத்தில் என்ன எழுதினேன் என்பதை இப்போது வரிக்கு வரி சொல்கிறேன், ஒளிக்கவில்லை. என் மகள் ஆனி தூர தேசத்தில் தனிமையில் வாடுகிறாள், யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை, தூக்கமில்லை, சாப்பாடு சரியில்லை, வாழ்க்கையில் பிடிப்பில்லை, அவள் மனம் தேறி வீடு வந்து சேர ஜெபிக்கவும். இவ்வளவுதான். அக்கா அதைப் போட்டோ எடுத்து ஜெபவீரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். அதில் இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிறார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மற்றதை நீதான் அனுபவித்தாய். லேபில் இருக்கும்போது ஒரு அம்மாள் போனிலேயே அந்நிய பாஷையில் ஜெபித்தார்களாம், விடிகிறதுக்கு முன்னால் ஒருவர் எழுப்பி, மக்களே ஒனக்குத் தூக்கம் வரதுக்காவ ஜெபிக்கேன் என்றாராம், அதைக் கேட்டு எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். சான்பாடாவிலிருந்து ஜோன்ஸ் சித்தப்பா, ஏட்டி, ஒனக்கு என்ன கொறச்சல், எங்க வீட்ல ஒரு ரூம்பு சும்மாதான கெடக்கு, தனியா இருக்கணும்னா இங்க வந்து தனியா இரி, சித்தி மூணு வேளையும் வந்து வந்து பாத்துக்குவா என்றாராம். நம் சபைக்கே வராத தாராவி பூலோகம் மாமாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, தாணேயில் பேங்கில் ஒரு பையன் இருக்கிறான், கல்யாணம் ஆனால் இதெல்லாம் பறந்துவிடும் என்று பையன் போட்டோவையும் சேர்த்து அனுப்பினாராம். அன்றைக்குத்தான் நீ, நான் நோயாளி இல்ல மம்மி, என்னை ஒரு ஜெபக் குறிப்பா ஆக்கிட்டீங்க என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாய். அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பெற்றவள் ஜெபம் கேட்டது ஒரு குற்றமா, நாங்கள் யாருக்குத்தான் ஜெபம் கேட்காமல் இருந்தோம் என்று பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன். ருக்சானாவிடம் சொன்னதற்கு அவள் இந்தியில், நீ ஜெபமா கேட்டாய், மகள் பின்னால் இருநூறு போலீஸ்காரர்களை அல்லவா அனுப்பியிருக்கிறாய் என்றாள். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

இனிமேல் எழுதப் போவது உனக்குத் தெரியாதது. நீ பேசாமல் இருந்த ஆறாவது நாள் நான் ஒரு காரியம் செய்தேன். உன் காலேஜ் பேர்வெல் சேலை போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது, யாருக்கும் காட்டாதது, அதை ஸ்டேட்டசில் வைத்து, என் இளவரசியோடு இன்று ஒரு மணி நேரம் பேச்சு, மனசு நிறைந்தது என்று எழுதிப் போட்டேன். ஏன் போட்டேன்? யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்து வருகிறேன், அப்பா ஷிப்டில், நீ போன பிறகு நாங்கள் குடிவந்த சுனாபட்டியில் இந்தப் பில்டிங்கில் எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கும், தாராவி மாதிரி இல்லை, சாதத்தைக் கிச்சனில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், மற்றவர்கள் ஸ்டேட்டசில் அவரவர் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் ஒன்றைப் போட்டேன். போட்டதும் இதயமும் கைகூப்பலும் வந்து விழுந்தன, கொஞ்ச நேரம் நிஜமாகவே உன்னோடு பேசிவிட்ட மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை ஆனி. பொய் என்று தெரிந்தும் அது எப்படிச் சுகமாக இருந்தது? அடுத்த நிமிஷம் லூசியம்மாள் அக்கா போனில். கிளாரா, ஆண்டவர் கிரியை செஞ்சிட்டாரு பாத்தியா, ஒரே வாரத்துல! வார ஞாயித்துக்கெழம நீ சபைக்கு முன்னால சாட்சி சொல்லணும். ரெண்டு நிமிசம் ஒனக்கு. அழுகை வந்துச்சின்னா மூணு தாரேன் என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சரிக்கா என்றேன். என் வாயிலிருந்து எப்படி அது வந்ததென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், பொய்யைத்தான். எனக்குக் கிடைத்த தைரியம் அவ்வளவுதான், உன்னிடம் அதை மறைக்கவில்லை. மைக்கைக் கையில் தந்தார்கள். முன்வரிசையில் அக்கா கர்சீப்பை மடித்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்தோத்திரம் என்று சொல்லித் தொடங்கினேன், அடுத்து உன் பெயரைச் சொல்ல வேண்டும், ஆனி என்றதும் அந்தச் சீட்டில் எழுதிய வரிகள்தான் நினைவுக்கு வந்தன. யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை, தூக்கமில்லை, சாப்பாடு சரியில்லை. நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்று எனக்கு என்ன தெரியும்? நின்றுகொண்டு சாப்பிடுகிறவள் நான். உன் கடைசியாகப் பார்த்த நேரம் மூன்றரை மணி என்று தெரிய வேண்டுமானால் மூன்றரை மணிக்கு விழித்திருந்தவள் யார்? இதெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. அப்புறம் என்ன சொன்னேன் என்று கோர்வையாக நினைவில்லை. என் மகள் என்னோடு பேசவில்லை, ஸ்டேட்டசில் போட்டது பழைய போட்டோ, அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, சீட்டில் எழுதினதெல்லாம் எனக்கு இருக்கிறது, அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், அவள் நம்பரைத் தயவுசெய்து எல்லாரும் அழித்துவிடுங்கள் என்று சொன்னதாக அப்பா சொல்கிறார். பின்னாலிருந்து யாரோ பழக்கத்தில் அல்லேலூயா என்றார்கள். லூசியம்மாள் அக்கா சும்மா இருப்பாரா, எழுந்து மைக்கை வாங்கி, பாத்தீங்களா, ஒடஞ்ச உள்ளத்த ஆண்டவரு தள்ளமாட்டாரு, எல்லாரும் எழும்பி நில்லுங்க என்று என் தலையில் கையை வைத்துவிட்டார். எனக்கு அவமானமா ஆறுதலா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் ஒரே இடத்தில் வலித்தது.

சயன் வரைக்கும் அப்பா கூடவே நடந்து வந்தார். டீக்கடையில் நிறுத்தி, ஏளா, இப்பிடி இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா என்றார். நீங்க தூங்கிட்டு இருந்திய என்றேன். எப்போ என்றார். ஷிப்டு முடிஞ்சி வந்து எப்பவும் தூங்கிட்டுதான இருக்கிய என்றேன். அவர் கோபப்படவில்லை, டீயைப் பாதி எனக்கு ஊற்றித் தந்துவிட்டு, நானும் எல்லா நேரமும் தூங்கலட்டி, கண்ண மூடிக்கிட்டு கெடப்பேன், அவ்வளவுதான் என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கட்டிலில் கிடக்கிறோம், எனக்கு இது தெரியாது. இதைத் தெரிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் சரி, திங்கட்கிழமையிலிருந்து போன் எல்லாம் எனக்கு வரத் தொடங்கியது. நீ பட்ட பாட்டை நான் பட வேண்டுமென்றே ஆண்டவர் வைத்த மாதிரி. முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், இத்தனை பேருக்கு என் மேல் அன்பா என்று இருந்தது. இரண்டாம் நாள் எல்லாரும் சாப்பிட்டியா, தூங்கினியா, மனச விட்ராத என்று ஒரே மாதிரி கேட்டார்கள், நானும் ஒரே மாதிரி பதில் சொன்னேன், பதில் சொல்லச் சொல்ல என் குரல் நோயாளிக் குரலாக மாறுவது எனக்கே கேட்டது. அவர்கள் எதிர்பார்க்கிற கிளாராவை நான் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். நடிக்க வேண்டியதில்ல என்று நீ சொன்னது இதைத்தானா? நான்காம் நாள், வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்ததும் போனை அணைத்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஹார்பர் லைன் ரயில் போகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். சாப்பாட்டைத் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது ஆனி. அந்த நேரத்தில் யார் வந்து கதவைத் தட்டியிருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும், நீயே வந்திருந்தாலும். அப்படி ஒரு நினைப்பு வந்ததும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நாள் பூராவும் உனக்காக ஏங்குகிற மனசும் இதுதான், யாரும் வராதே என்கிற மனசும் இதுதான், இதில் எது என் மனசு?

கிளினிக்கில் கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவோம், தெரியுமில்லையா. விட்ட பிறகு அரைமணி முக்கால் மணி போனில் எழுத்து தெரியாது. முதலில் எல்லாரும் போனை எடுத்துக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள், தூரத்தில் பிடிப்பார்கள், பிறகு பையில் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருவார்கள். அப்போது அந்த முகங்களில் ஒன்று வரும். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், பயமா நிம்மதியா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வாரமாக அந்த முகங்களில் உன்னைத்தான் தேடுகிறேன். நீ அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது உன் முகம் எப்படி இருக்கும்? இருபத்தொரு வருஷம் உன்னை ஏழு பேருக்கு நடுவில்தான் பார்த்தேன், தனியாக இருக்கிற உன்னை நான் பார்த்ததே இல்லை. பார்த்தால் அது தனியாக இருப்பது ஆகாது, அதுவும் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

டிசம்பர் இருபதாம் தேதி டிக்கெட்டை நேற்று நானே கேன்சல் செய்துவிட்டேன். அப்பாவுக்கு மனசில்லை, ஏளா, அவ வரமாட்டான்னு நீயே முடிவு கெட்டிட்டியா என்று கேட்டார். இல்லை, வருவதென்றால் அவளே எடுத்துக்கொண்டு வரட்டும், நாம் எடுத்த டிக்கெட்டில் வந்தால் அவள் வந்தாளா நாம் இழுத்தோமா என்று தெரியாமல் போகும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிரக் கேன்சல் ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தபோது திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியாது. உன் வயதில் எனக்கு நீ மடியில் இருந்தாய், யாரும் எனக்கு ஒரு தனி அறை வேண்டுமா என்று கேட்டதில்லை, அதனால் எனக்குப் பொறாமையா என்றுகூட யோசித்துப் பார்த்தேன், இருக்கலாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சீட்டில் இருந்ததெல்லாம் எனக்கு உள்ளது என்று சபைக்கு முன்னால் சொல்லிவிட்டேன், ஆனால் அதை அப்படிச் சொல்லி முடித்துவிட முடியவில்லை, மூன்று மணிக்கு விழித்திருந்தவள் நான் மட்டுமில்லை, அந்தப் பக்கம் நீயும்தான் விழித்திருந்தாய். வாசித்தாயா, குளிரா, அழுதாயா? அந்தச் சீட்டில் ஒரு வரியாவது உன்னுடையதா ஆனி? ஆம் என்றால் ஆம் என்று மட்டும் எழுது, நான் லீவு சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவேன், ஏன் என்று கேட்கமாட்டேன், அங்கே வந்தும் பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன், இப்போது எனக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. இல்லை என்றால் அதையும் நம்புகிறேன், நம்பக் கஷ்டப்பட்டு நம்புகிறேன், திரும்பக் கேட்கமாட்டேன். உனக்கே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது, அதைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன், நம் வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. எதை எழுதினாலும் அது என்னைத் தாண்டிப் போகாது, லூசியம்மாள் அக்காவுக்கும் போகாது, அப்பாவுக்கும் நீ சொன்னால்தான்.

ருக்சானா மகள் அஃப்ஷா பன்னிரண்டாவது பரீட்சைக்கு உன் பழைய நோட்டை எல்லாம் கேட்டாள், உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா? ஜோன்ஸ் சித்தப்பா உன்னிடம் அப்படிப் பேசியதற்கு வருத்தப்படுகிறார், அவர் வருத்தத்தைச் சொல்ல உனக்குப் போன் செய்கிறேன் என்றார், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தனி அறை என்றால் தினமும் மேகி என்று அர்த்தமில்லை, ஒரு குக்கர் வாங்கிக்கொள், பருப்பும் சாதமும் ஒரே தடவையில் வைத்துவிடலாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ உட்காருகிற இடத்திலும் எழும்புகிற நேரத்திலும் உன்னோடு இருப்பாராக. நான் இல்லாத இடத்தில் அவர் இருக்கட்டும். அப்பாவின் முத்தம், என் முத்தம். மறந்துவிடாதே, மலையில் குளிருக்குக் கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைப்பார்களாம், நீயும் வைத்தால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு தூங்கிவிடாதே, உனக்குக் கதவு சாத்தியிருக்க வேண்டுமென்றால் சாத்திக்கொள், ஜன்னலை மட்டும் ஒரு விரல் அகலம் திறந்து வை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மம்மி
கிளாரா தனசீலன்